சொட்டு கண்ணில்தான் விழுந்ததா?

மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது. இந்த ஆண்டு எத்தனை கண்புரை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று மாவட்ட வாரியாகக் கூட்டிச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் வராத ஒன்றைத்தான் வாசகர்கள் பலர் கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள்: “ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தில்தான் குழப்பம்.”

‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்றால் என்ன?

டிஸ்சார்ஜ் சீட்டில் இப்படி ஒரு வரி இருக்கும். பத்திருபது பேரை வரிசையாக உட்காரவைத்து, பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “இது ஆறு வேளை, இது நாலு வேளை” என்று ஒரு சிஸ்டர் சொல்லிவிட்டால் அந்த வரியை எழுதிவிடலாம். நோயாளி ஒரு சொட்டாவது தானே விட்டுப் பார்த்தாரா என்பதற்கு அந்தச் சீட்டில் இடம் கிடையாது.

என் பெரியம்மாவின் சீட்டிலும் அந்த வரி இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை லேசாகச் சாய்த்து, கை நடுங்க பாட்டிலை அழுத்தினார். சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “விட்டாச்சு” என்றார். பொய் சொல்லவில்லை; கண்ணில் விழுந்ததாகவே நினைத்தார்.

அவர் மட்டுமல்ல. கண்புரை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாகச் சொட்டு மருந்து விட்ட 54 பேரைக் கவனித்த கனடா ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. 92.6 விழுக்காட்டினரின் முறை தவறாக இருந்தது. 78 விழுக்காட்டினர் கை கழுவவில்லை. 57.4 விழுக்காட்டினர் பாட்டில் முனையை அசுத்தமாக்கினர். 31.5 விழுக்காட்டினருக்குச் சொட்டு கண்ணிலேயே விழவில்லை.

ஒரு சொட்டு போதுமா?

போதும். மிச்சமே வழியும். கண்ணின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும்.

கீழிமையை இழுத்தால் ஒரு சின்னப் பை தெரியும். மருந்து தங்கும் இடம் அதுதான். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். நிரம்பி வழியாமல் அதிகபட்சம் தாங்குவது 30 அளவுக்கு. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். அதாவது, முதல் சொட்டிலேயே பை நிறைந்துவிடுகிறது. உடனே இன்னொரு சொட்டு விட்டால், அது முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் விடச் சொல்வது இதற்காகத்தான். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் “அஞ்சு நிமிஷம் விடுங்க” என்றால், சமையல் வேலை காத்திருக்கும் வீட்டில் யார் விடுவார்கள்?

வழிவது கன்னத்தில் மட்டுமல்ல. மூக்கையொட்டிய இமை ஓரத்தில் ஊசிமுனை அளவில் துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே மூக்குக்கு வடிகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் பம்பு அடிப்பதுபோல் கண்ணீரை அந்தத் துளைகள் இழுத்துக்கொள்ளும். சொட்டு விட்டதும் படபடவென இமைத்தால் மருந்தும் அதே வழியில் மூக்குக்கும் தொண்டைக்கும் போய்விடும். மூக்கின் உட்சவ்வு வழியே இரத்தத்திலும் கலக்கும். “சொட்டு விட்டால் தொண்டை கசக்கிறது, ஒத்துக்கொள்ளவில்லையா?” என்று கேட்ட வாசகருக்குப் பதில் இதுதான்: ஒவ்வாமை அல்ல, கண்ணுக்குப் போகவேண்டிய மருந்து தொண்டைக்கு வந்திருக்கிறது.

இதைத் தடுக்க ஒரு விரல் போதும். சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கையொட்டிய ஓரத்தைச் சுத்தமான விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்தவேண்டும். மூக்கெலும்புப் பக்கமாக அழுத்துங்கள். கண்ணுருண்டையில் விரல் படக்கூடாது. பெரியம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து நாங்கள் இப்படிச் செய்தோம். எழுந்ததும் அவர் கேட்டது: “இன்னிக்கு ஏன் கசக்கலை?”

மருந்தை உள்ளேயே செலுத்திவிட முடியாதா?

ஆன்டிபயாடிக்கை முடியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சிகிச்சை முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்ணுக்குள் செலுத்தியபோது உட்கண் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 ஆகக் குறைந்தது. ஆனாலும் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு வீட்டில்தான் விடப்படுகிறது.

பாட்டிலைக் குலுக்கவேண்டுமா?

பால்போல் வெள்ளையாக இருக்கும் மருந்தைக் கட்டாயம் குலுக்கவேண்டும். அடியில் மருந்து படிந்திருக்கும்.

கண் தெளிந்ததும் நிறுத்திவிடலாமா?

கூடாது, ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

நல்லது என்று தொடர்ந்து விடலாமா?

கூடாது, ஸ்டீராய்டு கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய்?

வேண்டவே வேண்டாம்.

வலியோ சிவப்போ கூடினால், பார்வை மங்கினால்?

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எப்போது வீட்டுக்குக் கிளம்பலாம்?

நீங்களோ, வீட்டில் சொட்டு விடப்போகிறவரோ சிஸ்டர் கண்ணெதிரே ஒரு சொட்டு விட்டு, “சரியா விழுந்துச்சு” என்று அவர் சொன்ன பிறகு.