தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் கருவி: உதிரிபாகங்களைக் குறைந்த செலவில் வாங்குவது எப்படி?

மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், தொட்டி நிரம்பி வழிவது தெரிவதில்லை. தண்ணீரும் மின்சாரமும் வீணாகின்றன. தொட்டி நிரம்பியதும் ஒலி எழுப்பும் சிறு கருவியை, எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள யாரும் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் நாலைந்து பாகங்கள் வாங்கும்போது, அவற்றின் விலையைவிட கூரியர் கட்டணமோ பஸ் செலவோ அதிகமாகிவிடுகிறது. இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

முதலில் பட்டியல்

இந்தக் கருவிக்கு ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர், 9 வோல்ட்டில் இயங்கும் பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், வயர் ஆகியவை போதும். தொட்டியின் மேல்மட்டத்தில் வைக்கும் இரண்டு கம்பிகளையும் தண்ணீர் தொட்டவுடன், டிரான்சிஸ்டருக்குச் சிறிய மின்னோட்டம் கிடைத்து பஸ்ஸர் ஒலிக்கும். கம்பிகள் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

கடைக்குப் போகும் முன் பாகத்தின் எண், மதிப்பு, வாட், வோல்ட் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாகம் விடுபட்டாலும் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்கும்.

எங்கே வாங்கலாம்?

முதலில் உள்ளூர் டிவி, ரேடியோ மெக்கானிக் கடையில் கேளுங்கள். பழுது பார்ப்பதற்காக வைத்திருக்கும் பாகங்களில் ஒன்றிரண்டு கிடைக்கலாம். சென்னைக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள், அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில் சில்லறையாக வாங்கலாம். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், ஊரில் ஆர்வமுள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். கூரியர் கட்டணம் பங்காகிவிடும்.

எதைக் கூடுதலாக வாங்கலாம்?

ரெசிஸ்டர், பிசி 547, 1என் 4007 டயோடு போன்றவை மலிவானவை, அடிக்கடி தேவைப்படுபவை. சாலிடரிங் செய்யும்போது வீணாகவும் வாய்ப்புண்டு. இவற்றில் ஐந்து பத்து கூடுதலாக வாங்கி வைக்கலாம். சென்சார், ரிலே போன்ற விலை கூடியவற்றைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

பழைய போர்டிலிருந்தும் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் பெரிய கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கை வைக்கும் முன் கவனம் தேவை.

மாற்றுப் பாகம் கொடுத்தால்...

"அது இல்லை, இது வேலை செய்யும்" என்று கடையில் வேறு எண்ணைக் கொடுப்பதுண்டு. பிசி 547-க்குப் பதில் பிசி 548 இந்த 9 வோல்ட் கருவிக்குப் போதும். பிஎன் 2222 கொடுத்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் கால்களின் வரிசை தலைகீழானது. தட்டையான பக்கத்தைப் பார்த்து வைத்தால், பிசி 547-ல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றும், பிஎன் 2222-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றும் இருக்கும். இதைக் கவனிக்காமல் பொருத்தினால் கருவி சரியாக இயங்காது.

எங்கே சிக்கனம் கூடாது?

ஒலி கேட்டு மோட்டாரை நாமே நிறுத்தும் வரை இது பேட்டரியில் இயங்கும் பாதுகாப்பான கருவி. மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்று ரிலே சேர்த்தால் நிலைமை வேறு. ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை நம்பி, மும்முனை மோட்டாரை அதில் நேரடியாக இணைக்கக் கூடாது. ரிலே, ஸ்டார்ட்டரின் காயிலை மட்டுமே கட்டுப்படுத்த வேண்டும். அந்த இணைப்பையும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் மூலமே செய்யுங்கள்.

சில்லறைப் பாகங்களில் மிச்சம் பிடிக்கலாம். மோட்டார் இணைப்பில் மிச்சம் பிடித்தால் மோட்டாருக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.