கொறங்காடு: குடியானவர் வளர்த்த காடு

காடு என்றதும் மலைச்சரிவும் ஓங்கி வளர்ந்த மரங்களுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், கொங்கு நாட்டுக் குடியானவர் தம் மானாவாரி நிலத்தையே காடு என்று வழங்குகின்றனர். திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த மேய்ச்சல் காட்டுக்குக் கொறங்காடு என்று பெயர்.

இப்பகுதியில் மழை குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடும். இத்தகைய பூமியில் புல்லையும் மரத்தையும் நம்பி வாழ்வதே மேல் என நம் முன்னோர் கண்டனர்.

கொறங்காட்டுக்கு மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது கொழுக்கட்டைப் புல். கோடையில் காய்ந்து கிடப்பினும், ஒரு மழை பெய்தால் வேரிலிருந்து தழைத்துவிடும். இரண்டாவது வெள்வேல மரம். வெயிலில் கால்நடைகளுக்கு நிழலும், புல் குன்றிய நாட்களில் உண்ணக் காயும் தருவது அதுவே. மூன்றாவது கிளுவை வேலி. முள் நிறைந்த இவ்வுயிர்வேலி இருப்பதால், மேய்ப்பவர் இன்றியே மாடுகளைக் காட்டில் விட்டு வைக்கலாம். காங்கயம் மாட்டினத்தையும் மேச்சேரி ஆட்டினத்தையும் வளர்த்த காடு இதுவே.

இன்று இதன் நிலை கவலைக்குரியது. இளைஞர் பனியன் தொழிலை நாடிச் செல்கின்றனர், வேலி பழுதடைகிறது, சீமைக்கருவேல் புகுகிறது, நிலம் மனைகளாகிறது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஆண்டில் தம் காட்டில் தீவனம் இல்லாதவர், மாட்டை விற்பதன்றி வேறு என் செய்வார்? பருவம் தவறும் மழையும் மிகுந்துவரும் வெப்பமும் இவ்வின்னலை இனியும் கொணரும்.

ஆயினும், மனம் தளர வேண்டுவதில்லை. பனியன் நகரத்தவரே கிராமங்களை நோக்கி வந்திருக்கின்றனர். 2015-ஆம் ஆண்டில் வெற்றி அமைப்பு தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில், தொழிலதிபர்களும் தன்னார்வலர்களும் கூடிப் பல இலட்சம் மரக்கன்றுகளை நட்டுள்ளனர். இதில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. நடுவது ஊரார் முயற்சி. வேலியிட்டு நீர் வார்த்துக் காப்பது நிலத்துக்குரியவர் பொறுப்பு. நட்ட மரத்துக்கு உரியவர் ஒருவர் இருந்தால் அது பிழைக்கும். கொறங்காடு நமக்குக் கற்பித்த பாடமும் இதுவேயன்றோ?

கொறங்காட்டைப் புதுப்பிக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலில் சீமைக்கருவேலை வேரோடு களைக. வேலியில் இடைவெளி கண்ட இடத்தில் கிளுவைப் போத்துகளை ஊன்றுக. ஆடுகள் வெள்வேலங்காயைத் தின்று கழித்த விதைகள் எளிதில் முளைக்கும். பட்டியிலிருந்து அவற்றைச் சேகரித்து விதைக்கலாம். மழைக்கு முன் புல் விதையைத் தூவி, அது வேரூன்றும் வரை மாடுகளை உள்ளே விடலாகாது. அதன்பின் காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றுக்கு ஓய்வளிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓயாது மேய்த்தால் எந்தப் புல்லும் தாங்காது.

கொறங்காடு உள்ள குடும்பத்துக்கு மழை பொய்த்த ஆண்டிலும் பாலும் எருவும் ஓரளவு வருமானமும் கிட்டும். ஆதலால், கிராமவாசிகள் வரும் ஐப்பசிக்கு முன்பே தத்தம் வேலியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்களாக. வேலி நின்றால் காடு நிற்கும். காடு நின்றால் குடியும் நிற்கும்.