சின்னதா, கீழையா? இரண்டு பிராடின்கோல்கள்

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையிலோ கிருஷ்ணகிரி அணையிலோ தண்ணி வடிஞ்ச கரையில் பறவை பார்ப்பவர்களுக்காக இந்தக் குறிப்பு. சின்ன பிராடின்கோல், கீழைப் பிராடின்கோல் இரண்டுமே மண் நிறம். அசையாமல் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

முதலில் அளவைப் பாருங்கள். சின்னது சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, சுமார் 17 செ.மீ. கீழை மைனா அளவு, 23-24 செ.மீ. இனப்பெருக்க காலத்தில் கீழையின் வெளிர்மஞ்சள் தொண்டையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். சின்னதுக்கு அது கிடையாது.

சந்தேகம் தீரலையா? பறக்கட்டும். கீழையின் இறக்கை அடியில் செம்பழுப்பு, வால் நன்றாகப் பிளந்திருக்கும். சின்னதின் இறக்கை அடியில் கறுப்பும் அகலமான வெள்ளைப் பட்டையும் பளிச்சிடும்; வாலில் பிளவு லேசாகத்தான் தெரியும்.

இரண்டும் தகைவிலான் மாதிரி பறந்தே பூச்சி பிடிக்கும். இவற்றின் உறவான ஐரோப்பிய இனத்தை 1766-இல் லின்னேயஸ் தகைவிலான் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். உண்மையில் இவை கரைப்பறவைகளின் சொந்தம்.

ஏன் பிரித்து எழுதணும்? சின்னது பெரும்பாலும் ஆற்று மணல்திட்டில் முட்டையிடும். கீழை காய்ந்த ஏரிப்படுகையிலும் தரிசிலும். கூடுன்னு ஒண்ணும் கட்டாது, வெறும் தரைதான். வெறும் "பிராடின்கோல்" என்று குறித்தால், காக்க வேண்டியது மணலா சேற்றுநிலமா என்பது தெரியாமலே போகும். "சும்மா கிடக்கிற இடம்"னு நாம் மண் அள்ளுவதும் வண்டி ஓட்டுவதும் அங்கேதான்.

ஒரு பறவை இறக்கை முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்பிடுங்க.