நெருப்பில் வெந்து நிலைத்த நினிவே நூலகம்

நூல்களுக்கு நெருப்பே பெரும்பகை என்பர். உலகின் மிகப் பழைய நூலகங்களுள் ஒன்று இன்றும் படிக்கக் கிடைப்பதற்கோ நெருப்பும் ஒரு காரணம்.

இன்றைய ஈராக்கின் மோசுல் நகருக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றங்கரையில் அமைந்திருந்தது அசீரியப் பேரரசின் தலைநகரான நினிவே. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மன்னர் அசூர்பானிபால், தமக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதையே பெருமையாகப் பொறித்து வைத்தவர். மருத்துவம், நிமித்தம், வழிபாடு, சொற்பட்டியல் எனப் பலதுறை நூல்களை அவர் திரட்டினார். நகலெடுத்தவை பல, பாபிலோனியாவில் கைப்பற்றியவையும் உண்டு. பல களிமண் பலகைகளின் முடிவில் அவை மன்னருக்கு உரியவை என்ற குறிப்பு காணப்படுகிறது. இன்றைய நூலக முத்திரைக்கு அதை முன்னோடி எனலாம்.

கி.மு. 612-இல் பாபிலோனியரும் மீடியரும் நினிவேயைக் கைப்பற்றித் தீயிட்டனர். மெழுகு பூசிய மரப்பலகைகளும் நூலகத்தில் சேர்க்கப்பட்டதாக வரவுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன, அவை அழிந்தன. வெறுமனே உலர்த்தப்பட்டிருந்த களிமண் பலகைகளில் பல, சூளையிலிட்ட செங்கல்போல் வெந்து இறுகின.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்டின் ஹென்ரி லேயார்டும், மோசுலில் பிறந்த ஹொர்முஸ்த் ரசாமும் அவற்றை அகழ்ந்தெடுத்தனர். துண்டுகளையும் சேர்த்து 30,000-க்கும் மேற்பட்டவை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில்தான், கில்காமேஷ் காப்பியத்தின் பெருவெள்ளக் கதையை 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் அடையாளம் கண்டார். உடைந்த துண்டுகளைப் பொருத்தும் பணி இன்னும் முடியவில்லை.