அர்ஜுனன் தோளில் ஏறாத பீமன்

அரக்கு மாளிகை எரிந்த இரவில் தாயையும் சகோதரர்களையும் சுமந்து சென்றவன் பீமன். இந்திய ராணுவத்துக்காகத் திட்டமிட்டபோது கதை தலைகீழானது. அர்ஜுன் டாங்கியின் உடல் மீது தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனம் தயாரித்த 155 மி.மீ. பீரங்கியை ஏற்றி, ‘பீம்’ என்று பெயரிட்டார்கள். தானே ஓடிப்போய்ச் சுட்டுவிட்டு, எதிரி குறிபார்ப்பதற்குள் இடம் மாறிவிடும் பீரங்கி வண்டி அது. டெனெலுடன் கைகோத்தது பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பெமல். தங்கவயல் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான நிறுவனம். ஆனால் வேறொரு துப்பாக்கி பேரத்தில் கமிஷன் கைமாறியதாகப் புகார் எழ, 2005-ல் டெனெல் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது. பெயர் சூட்டிய பிள்ளை பிறக்கவே இல்லை.

யுத்த காலத்தில் இந்த வரிசை வேறு. முதலில் வண்டி வரும். பெயர் பிறகு வரும், அதுவும் பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்து. 1942-ல் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரிட்டிஷ் படைக்கு அமெரிக்காவின் எம்-7 வண்டிகள் வந்தன. இயந்திரத் துப்பாக்கிக்கான வட்ட மேடை, தேவாலயப் பிரசங்க மேடை போலவே இருந்தது. ஆகவே ‘பாதிரியார்’. வாலன்டைன் டாங்கி மீது உயரமான பெட்டியாக நின்ற இன்னொரு பீரங்கி ‘பிஷப்’. அப்புறம் திருச்சபையே அணிவகுத்தது. கனடாவில் 2,000-க்கும் மேல் தயாரான வண்டிக்கு ‘செக்ஸ்டன்’ என்று பெயர். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் மொழியில் சொன்னால், கோயில்பிள்ளை. 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் கனடியர்கள் சில பாதிரியார்களின் பீரங்கியைக் கழற்றிவிட்டு, காலாட்படையினரை ஏற்றிச்செல்லப் பயன்படுத்தினார்கள். அவற்றுக்கு வந்த பெயர், ‘அங்கி களைந்த பாதிரியார்’! எதிர்முகாமில் இந்த வேடிக்கைக்கு இடமில்லை. ‘வண்டு’ என்ற பெயர் போர் வாகனத்துக்குப் பொருந்தாது என்று அதே ஆண்டு பிப்ரவரியில் அதை நீக்க உத்தரவிட்டார் ஹிட்லர். சரித்திரப் புத்தகங்களில் அது இன்றும் வண்டுதான்.

போருக்குப் பின் பிரிட்டன் செய்த ‘அபட்’, அதாவது மடாதிபதி, இந்தியாவுக்கும் வந்தது. பிறகு ஆவடியில் விஜயந்தா டாங்கி மீது சோவியத் 130 மி.மீ. பீரங்கியைப் பொருத்தினார்கள். பெயர் ‘கேட்டபுல்ட்’: நம் ஊர்க் கவண். புராணம் கலக்காத, பொருத்தமான பெயர்.

பீமனுக்காக ஒதுக்கிய இடத்தில் வேறொன்று வந்து சேர 2018 நவம்பர் ஆகிவிட்டது. போபர்ஸ் ஊழல் புகாருக்குப் பின் புதிய 155 மி.மீ. பீரங்கி எதுவும் சேராமல் சுமார் 30 ஆண்டுகளைக் கழித்திருந்தது ராணுவம். இடையில் 1999-ல் கார்கில் போரும் வந்துபோனது. தென்கொரிய வடிவமைப்பை வைத்து எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹசிராவில் தயாரித்த அந்தப் பீரங்கியின் பெயர் ‘வஜ்ரா’. கொரியாவில் அதன் பெயர் ‘இடி’. பெயர் சூட்டியவருக்கு மொழிபெயர்ப்பு வேலை மட்டும்தான் மிச்சமிருந்தது போலும். பாலைவனத்துக்கென்று வாங்கிய வஜ்ரா, 2021-ல் லடாக் மலையேறியது. முதலில் வாங்கிய 100 போதாமல், மேலும் 100-க்கு 2024 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.