சின்னக் காரில் ரேஸ்: ட்ராக்கில் இறங்கும் முன் படிக்க வேண்டிய காகிதங்கள்

2025 ஜனவரியில் துபாய் ஆட்டோட்ரோமில், பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளியைப் பார்க்காதவர்கள் நம்மூரில் குறைவு. கார் நொறுங்கியது, அவர் இறங்கி நடந்தார். அடுத்த சில நாளில் அவருடைய அணி 24 மணி நேரப் பந்தயத்தின் 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வைத்திருக்கும் பல பையன்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் காருக்குள் இரும்புக்கூண்டு இருந்தது, உடம்பை இருக்கையோடு சேர்த்துக் கட்டும் ஆறு முனை பெல்ட் இருந்தது, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி இருந்தது. உங்கள் ஸ்விஃப்டில் இவை எதுவும் இல்லை.

இவ்வளவு இருந்தும் உயிர் போவதுண்டு. 2023 ஜனவரி 8 அன்று சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில், சலூன் கார் பந்தயத்தில் நடந்த விபத்தில், மூத்த வீரர் கே.இ.குமார் தமது 59ஆம் வயதில் இறந்தார். மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், மருத்துவர் எல்லாம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை. ஈசிஆரில் நள்ளிரவில் இரண்டு கார்கள் போட்டி போட்டால் என்ன இருக்கும்?

ஒன்று மட்டும் நிச்சயமாக இருக்கும்: வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவது குற்றம். அதில் கலந்துகொள்வதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 199ஏ பிரிவு வரும். பெற்றோர் அல்லது கார் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். காரின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டும்" என்று சாவி கொடுக்கும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் சென்னைத் தெருவில் ஓடினவே என்று கேட்கலாம். அரசே முன்னின்று, சாலையை அடைத்து, தடுப்பு அமைத்து நடத்திய பந்தயம் அது.

முறையாகத் தொடங்க நினைப்பவருக்கு தமிழ்நாட்டில் வசதிக்குக் குறைவில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓடிய காலம் போய், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ட்ராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்திய மோட்டார் பந்தயத்தை நிர்வகிப்பது எஃப்எம்எஸ்சிஐ என்ற கூட்டமைப்பு. அதன் போட்டி உரிமம் இல்லாமல் தேசிய அளவிலான பந்தயத்தில் ஓட்ட முடியாது. உரிமத்துக்கு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். முதலில் ஒரு ரேஸிங் பள்ளியில் சேருங்கள், அவர்கள் காரையே ஓட்டுங்கள். சொந்தக் காரை ட்ராக்குக்குக் கொண்டுபோகும் அவசரம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் இன்ஷூரன்ஸ்.

கார் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்புகள்" என்ற பகுதியைப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது என்று எழுதியிருக்கும். ஜீரோ டெப் போட்டிருந்தாலும், என்ஜின் பாதுகாப்பு வாங்கியிருந்தாலும் இதே கதைதான். ட்ராக்கில் கவிழ்ந்த காருக்கு க்ளெய்ம் கேட்டால் நிராகரிப்பார்கள். சாலையில் கவிழ்ந்ததாகப் பொய் சொன்னால் அது மோசடி. கார் கடனில் இருந்தால் இன்னும் மோசம். கார் பழைய இரும்பாகிவிடும், வங்கியின் மாதத்தவணை மட்டும் மாறாமல் வரும்.

சாலையில் போட்டி போட்டு யாரையாவது மோதினால் சிக்கல் வேறு மாதிரி. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் நிறுவனம் கொடுத்தே தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாலிசியின் பந்தய விலக்கை மீறியிருந்தால் அதைக் காட்டிப் பொறுப்பை மறுக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவே காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி கொடுத்திருக்கிறது. தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு கடைசியில் உரிமையாளரின் வீடு நிலத்தின் மேல் வந்து உட்காரலாம்.

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. சாகச விளையாட்டு தொடர்பாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள விலக்கு, அவற்றில் தொழில்முறையாகப் பங்கேற்பவர்களின் சிகிச்சைச் செலவைத்தான் குறிக்கிறது. மோட்டார் பந்தயம் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. அப்படியானால் பொழுதுபோக்காக ஓட்டியவரின் க்ளெய்மை "மோட்டார் ரேஸ்" என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளினால் எதிர்த்துக் கேட்க இடமிருக்கிறது. தனிநபர் விபத்துப் பாலிசியில் வாசகம் வேறாக இருக்கும், அதைத் தனியாகப் படியுங்கள். போட்டி உரிமத்தோடு வரும் காப்பீடு என்ன, தொகை எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி கார். வீட்டு உபயோகக் காரில் முதலில் கைவிடுவது பிரேக். பழைய பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி என்று தரம் சொல்கிறது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரிக்கு இறங்கலாம். சில சுற்றுகளுக்குள் ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும். ஹெல்மெட்டிலும் கவனம் தேவை. பைக் ஹெல்மெட்டுக்குத் தீத்தடுப்புச் சோதனை கிடையாது. கார் பந்தயத்துக்கு ஸ்னெல் எஸ்ஏ அல்லது எஃப்ஐஏ தரம் வேண்டும். ரேஸுக்காக மாற்றிய காரைச் சாலையில் ஓட்டிவராதீர்கள். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அதோடு, ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக்கூண்டு இருப்பதே ஆபத்து. வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

ட்ராக் வாசலில் ஒரு தாளை நீட்டுவார்கள்: "எது நடந்தாலும் நானே பொறுப்பு." பந்தயத்தின் இயல்பான ஆபத்தை ஏற்றுக்கொள்வது நியாயம். ஆனால் தடுப்பு சரியில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை, பள்ளி கொடுத்த காரில் பெல்ட் அறுந்தது என்றால், அந்தக் கையெழுத்து மட்டுமே அமைப்பாளரைக் காப்பாற்றிவிடாது. கட்டணம் கட்டிய நீங்கள் நுகர்வோர். படிவத்தின் நகல், ரசீது, போட்டியின் துணை விதிகள், எஃப்எம்எஸ்சிஐ அனுமதி எண் ஆகியவற்றை ஃபோனில் படமெடுத்து வையுங்கள். அனுமதி எண் சொல்லத் தயங்கும் போட்டியிலிருந்து அப்போதே திரும்பிவிடலாம்.

சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அங்கே கட்டணமின்றி, வக்கீல் இல்லாமல் விசாரிப்பார்கள். பந்தய முடிவில் தகராறு என்றால் அவகாசம் மிகக் குறைவு. சர்வதேச விதிப்படி, தற்காலிக முடிவு வெளியான 30 நிமிடத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். நடுவர்கள் அதைத் தள்ளினால் மேல்முறையீடு செய்யப்போவதை ஒரு மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.