கட்டியின் அளவும் குருதியோட்டமும்

புற்றுநோய்க்கு மருந்துண்டு வரும் ஒருவர் மீண்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பினால், வீட்டார் முதலில் கேட்பது, "கட்டி சிறுத்திருக்கிறதா?" என்பதே. மருத்துவ உலகமும் நெடுங்காலம் கட்டியின் நீளத்தையே அளந்து, மருந்தின் பயனை மதிப்பிட்டு வந்தது. ஆனால், அளவை மட்டும் நம்பினால் ஏமாற நேரும் என்பதை, இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் ஒருவகைக் கட்டி மருத்துவர்களுக்குக் கற்பித்தது.

'ஜிஸ்ட்' எனச் சுருக்கமாக வழங்கும் அக்கட்டிக்கு, 2000-ஆம் ஆண்டு முதல் இமாட்டினிப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளிகள் பலர் தேறினர். படத்திலோ கட்டி உடனே சிறுக்கவில்லை. சிலருக்குப் பருத்தும் காணப்பட்டது! உள்ளே குருதி கசிந்தோ, இறந்த திசு நெகிழ்ந்தோ கட்டி உப்பியிருந்தது. அளவுகோலை மட்டும் பார்ப்பவர், மருந்து பலிக்கவில்லை என்று அதனை நிறுத்திவிடக் கூடும். உயிர் காக்கும் மருந்தை நிறுத்துவதினும் பெரிய பிழை வேறு யாது?

இந்தச் சிக்கலைத் தீர்க்க வழி காட்டியது சி.டி. ஸ்கேன் படத்திலிருந்த வேறொரு செய்தி. 1971-ஆம் ஆண்டு இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியாளரின் கருவி முதல் நோயாளியைப் படம் பிடித்தது. எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை அக்கருவி இடத்துக்கு இடம் எண்ணாகத் தருகிறது. நீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் 1000. குருதிக்கும் தசைக்கும் உரிய எண்களோ மிக நெருங்கியவை. வெறும் படத்தில் ஒன்றையொன்று பிரித்தறிவது அரிது. ஆதலின் அயோடின் கலந்த மருந்தைக் கைநரம்பின் வழியே செலுத்துகின்றனர். அது குருதியுடன் ஓடிச் சென்ற இடமெல்லாம் வெண்மையாகத் துலங்கும். 'கான்ட்ராஸ்ட்' என்று மருத்துவமனையில் வழங்கும் இதனை 'மாறுபாட்டு மருந்து' என மொழிபெயர்ப்போர் உண்டு. அது சொல்லைப் பெயர்த்ததேயன்றிப் பொருளைப் பெயர்த்ததாகாது. 'துலக்கு மருந்து' என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதே 1971-இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா போக்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். புதிய குருதிக் குழாய்களைத் தன்பால் வருவித்துக்கொள்ளாமல் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என்பதே அது. அவ்வாறு அவசரத்தில் முளைத்த குழாய்கள் கோணல்மாணலானவை, ஒழுகுபவை. மருந்து பலித்தால் இக்குழாய்கள் குன்றும், துலக்கும் குன்றும். கட்டியின் உருவம் மாறுவது பின்னரே.

2007-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர் சோய் குழுவினர் இவ்வுண்மையை அளவுகோலாக்கினர். துலக்கு மருந்துடன் எடுத்த படத்தில் 'ஜிஸ்ட்' கட்டியின் எண் நூற்றுக்கு 15 பங்கோ, நீளம் 10 பங்கோ குறைந்தால், மருந்து பலித்ததாகக் கொள்ளலாம் என்றனர்.

இஃது ஒரே படத்தை வைத்துச் செய்யும் கணிப்பு. குருதியோட்டத்தையே அளக்க வேண்டுமாயின் ஒரு படம் போதாது. வாய்க்காலின் தலைமடையில் சாயத்தைக் கொட்டிவிட்டு, கடைமடை வயல் எவ்வளவு விரைவாகச் சிவக்கிறது என்று பார்ப்பது போன்ற வேலை அது. மருந்தை விரைந்து செலுத்தி, ஒரே இடத்தைச் சில நொடிக்கொரு முறை, ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை படமெடுப்பர். கணக்கு எளிது. பெருந்தமனியின் எண் மருந்தால் 300 வரை உயர்ந்தது என்க. கட்டியின் எண் மிக விரைந்து ஏறும்போது நொடிக்கு 2 ஏறுகிறது என்க. 2-ஐ 300-ஆல் வகுத்து, நிமிடத்துக்காக 60-ஆல் பெருக்கினால் 0.4 வரும். அதாவது 100 மில்லிலிட்டர் கட்டித் திசுவுக்கு நிமிடந்தோறும் 40 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது.

2004-இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மலக்குடல் புற்றுநோயாளர் அறுவருக்குப் புதுக்குழாய்களைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்து ஒரே முறை ஏற்றப்பட்டது. பன்னிரண்டாம் நாள் பார்த்தபோது கட்டியின் குருதியோட்டம் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் தாழ்ந்திருந்தது.

இவ்வளவு நல்ல முறை எங்கும் பரவாதது ஏன்? பல முறை படமெடுப்பதால் உடலில் படும் கதிர் மிகுதி. ஈரலும் நுரையீரலும் மூச்சோடு அசைவதால் அளவு பிசகுகிறது. ஒரே நோயாளியின் படங்களுக்கு இருவேறு நிறுவனங்களின் கணிப்பு முறைகள் இருவேறு விடை தருவதும் உண்டு. ஆகவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில், ஒரே கணிப்பு முறையில் எடுத்த அளவுகளையே ஒப்பிடல் வேண்டும். அயோடின் மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதாதலின், சிறுநீரகம் நலிந்தவரும், முன்பு இம்மருந்தால் ஒவ்வாமை கண்டவரும் ஊசிக்கு முன்பே அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.